தமிழ் கொடுத்து மலையாளம் வாங்க: இணையவழி மொழிப் பரிமாற்றத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இணையத்தில் மொழி கற்கிறவர்கள் கூடும் எந்தக் குழுவுக்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான்: "உங்களுக்கு என்னென்ன மொழி தெரியும், இப்போது எதைக் கற்கிறீர்கள்?" அந்தப் பதிலை வைத்து இரண்டு பேர் ஜோடி சேர்கிறார்கள். அரை மணி நேரம் உங்கள் மொழி, அரை மணி நேரம் என் மொழி. பணம் கைமாறுவதில்லை.

நான் இப்படித்தான் மலையாளம் பேசக் கற்றேன். அப்புறம் பல தமிழர்களை மலையாளிகளோடு ஜோடி சேர்த்துவிட்டு, யார் நிலைக்கிறார்கள், யார் மூன்றாவது வாரத்தில் காணாமல் போகிறார்கள் என்று பார்த்தும் வருகிறேன். போகிறவர்கள் மொழி கடினம் என்பதால் போவதில்லை, வரிசை தப்புவதால் போகிறார்கள். தமிழருக்கு மலையாளத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கேட்டால் பாதிக்கு மேல் புரிந்துவிடும். அந்தப் பாதி புரிதலே நம்மைப் பேசவிடாமல் செய்துவிடும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதை மனத்தில் வைத்து அடுக்கியவை.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு ஹெட்செட், ஒரு நோட்டு, போனில் மலையாள விசைப்பலகை, ஒரு அகராதி. ஹெட்செட் முக்கியம். ன, ண, ந மூன்றும் போன் ஸ்பீக்கரில் ஒன்றுபோலவே விழும், மலையாளத்தில் அந்த வித்தியாசத்தில்தான் பொருள் மாறும். அகராதிக்கு 'ஓளம்' தளமும் விக்சனரியும் போதும்.

வாரத்தில் இரண்டு முறை ஒரு மணி நேரம், மற்ற நாட்களில் 15 நிமிடம். இந்த நேரம் உங்களிடம் இல்லையென்றால் இப்போது ஆள் தேட வேண்டாம். வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் இருப்பது எதிரில் இருப்பவரின் நேரத்தையும் சேர்த்து வீணடிக்கும்.

## 1. எதற்காக என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"மலையாளம் பிடிக்கும்" என்பது காரணம் ஆகாது. "பாலக்காட்டில் வேலை, அலுவலகத்தில் பேச வேண்டும்", "மாமியார் வீட்டில் மலையாளம்தான்", "சப்டைட்டில் இல்லாமல் படம் பார்க்க வேண்டும்" என்று எழுதுங்கள்.

பேச்சா, எழுத்தா என்பதை இந்த வரிதான் முடிவு செய்கிறது. எந்த ஊர்ப் பேச்சு என்பதும் இதிலிருந்தே வரும். கண்ணூர், கோழிக்கோடு பக்கம் அவனை 'ஓன்', அவளை 'ஓள்' என்பார்கள். திருவனந்தபுரத்தில் 'எந்து' என்பது 'எந்தரு' ஆகும். கண்ணூரில் பெண் எடுத்தவர் திருவனந்தபுரத்துக்காரரோடு பழகினால் மொழி வரும், வீட்டில் பேசுவது மட்டும் புரியாது.

## 2. உங்கள் நிலையை உள்ளபடி அளந்துகொள்ளுங்கள்

மொழித் திறனைச் சொல்ல இரண்டு அளவுகோல்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட ஏ1 முதல் சி2 வரையான ஆறு நிலைகள். இன்னொன்று விக்கிப்பீடியா பயனர் பக்கங்களில் காணும் 'பேபல்' பெட்டி. தெரியாது என்றால் 0, அடிப்படை 1, இடைநிலை 2, மேல்நிலை 3, தாய்மொழிக்கு அருகில் 4, தொழில்முறை 5, தாய்மொழி என்றால் 'என்' என்ற ஆங்கில எழுத்து (N). குழுக்களில் இரண்டாவதுதான் எளிது.

தமிழர்கள் இங்கே தவறாமல் செய்யும் பிழை, மலையாளத்துக்கு 3 போட்டுக்கொள்வது. படம் பார்த்தால் புரிகிறதே என்று போடுகிறார்கள். புரிவதையும் பேசுவதையும் தனித்தனியாக எழுதுங்கள்: "கேட்டால் 2, பேசினால் 0." அப்படி எழுதியிருந்தால் எதிரில் இருப்பவர் எந்த வேகத்தில் பேசுவது என்று தெரிந்து வருவார். 3 என்று எழுதிவிட்டால் அவர் இயல்பான வேகத்தில் பேசுவார், நீங்கள் தலையாட்டுவீர்கள், பத்து நிமிடத்தில் இரண்டு பேருக்கும் சோர்வு வந்துவிடும்.

பேச்சை அளக்க ஒரு சோதனை: நேற்று காலை முதல் இரவு வரை நீங்கள் செய்ததை, தமிழ்ச் சொல் கலக்காமல், இரண்டு நிமிடம் மலையாளத்தில் பேசிப் பதிவு செய்யுங்கள். எத்தனை வினைச்சொல் வந்தது என்று எண்ணுங்கள். பத்துக்குக் கீழே என்றால் நீங்கள் 0 அல்லது 1. அந்தப் பதிவை அழிக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

## 3. எழுத்தைப் படித்துவிட்டுப் போங்கள்

"பேச்சு மட்டும் போதும், எழுத்து வேண்டாம்" என்று சொல்பவர்களிடம் நான் இந்த இடத்தில் மட்டும் பிடிவாதமாக நிற்பேன். காரணம் என் அனுபவம்.

மலையாளிகளில் பலர் சாட்டில் ரோமன் எழுத்தில்தான் தட்டச்சு செய்வார்கள். அதற்கு 'மங்கிளீஷ்' என்றே பெயர். என் முதல் கூட்டாளி ஒரு நாள் அழைப்புக்கு அரை மணி நேரம் முன்னால் ரோமன் எழுத்தில் ஒரு வரி அனுப்பினார். "எனிக்கு பணியாணு" என்று படித்தேன். வேலை இருக்கிறது போல என்று நினைத்து, "வேலை முடிந்ததும் கூப்பிடுங்கள், பத்து மணி வரை இருப்பேன்" என்று பதில் போட்டேன். பத்து மணிக்கு மறுபடி நினைவூட்டினேன். மறுநாள்தான் தெரிந்தது, அவர் எழுதியது 'பனி'. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல், பணி என்றால் வேலை. ரோமன் எழுத்தில் இரண்டும் ஒன்றேதான். காய்ச்சலில் படுத்திருந்தவரை இரவு பத்து மணிக்குத் தொந்தரவு செய்திருக்கிறேன். அன்றே அவரிடம் மலையாள எழுத்தில் மட்டும் எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

மலையாள எழுத்து கிரந்தத்திலிருந்து வந்தது. உயிர், மெய், உயிர்மெய் என்ற அடுக்கு நமக்குப் பழகியதே. தினம் அரை மணி நேரம் என்றால் இரண்டு வாரத்தில் கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். முதலில் தமிழிலும் உள்ள ஒலிகளுக்கான எழுத்துகள், அப்புறம் க வர்க்கம், ச வர்க்கம் என்று ஒவ்வொன்றிலும் நம்மிடம் இல்லாத எழுத்துகள், அதன்பின் 'சில்லு' எனப்படும் தனி மெய்கள், கடைசியில் கூட்டெழுத்துகள் என்று போங்கள். கூட்டெழுத்துகளில் திணறினால் கவலைப்பட வேண்டாம். 1971இல் எழுத்தைச் சீர்திருத்தினார்கள். அதனால் பழைய வடிவமும் புதிய வடிவமும் இன்றும் கலந்தே கண்ணில் படும்.

## 4. கொடுக்கப் போகும் தமிழைத் தயார் செய்யுங்கள்

பெரும்பாலோர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். "தாய்மொழிதானே, இதற்கு என்ன தயாரிப்பு?" என்று கேட்கிறார்கள். உங்களிடமிருந்து தமிழ் கிடைக்கும் வரைதான் எதிரில் இருப்பவர் உங்களோடு இருப்பார். கிடைக்காவிட்டால் மரியாதைக்காக இரண்டு வாரம் வருவார், அவ்வளவுதான்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா என்பது. "நான் வருகிறேன்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, அடுத்த நிமிடம் வீட்டில் யாரோ கூப்பிட "இதோ வர்றேன்" என்று நீங்கள் கத்தினால் அவர் குழம்பிப்போவார். அவர் காரணத்தைக் கேளுங்கள். சென்னையில் வேலை, படம், நண்பர்கள் என்றால் பேச்சுத் தமிழில் தொடங்குங்கள். நாளிதழ் படிக்க வேண்டும் என்றால் எழுத்துத் தமிழ். இரண்டும் வேண்டும் என்றால் பேச்சு முதலில், மூன்று மாதம் கழித்து எழுத்து. தினம் காதில் விழுவது பேச்சு, அதனால் அதுதான் ஒட்டும்.

அடுத்தது, உங்கள் ஊர்ப் பேச்சு எது என்று சொல்லிவிடுங்கள். கொங்குப் பக்கமா, நெல்லையா, மதுரையா, 'நான் வாறன்' என்கிற யாழ்ப்பாணமா? எதுவாக இருந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேறு ஊர்க்காரரிடம் வேறு மாதிரி கேட்கும்போது "எனக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்தார்" என்று அவர் நினைக்காமல் இருந்தால் போதும்.

மலையாளிக்குத் தமிழில் எது எளிது, எது கடினம் என்று முன்கூட்டித் தெரிந்தால் நேரம் மிச்சம். 'நாம்', 'நாங்கள்' வித்தியாசத்தை இந்தி பேசுபவருக்கு ஒரு வகுப்பு முழுக்க விளக்க வேண்டும். மலையாளிக்கு 'நம்மள்', 'ஞங்ஙள்' என்று அப்படியே இருக்கிறது, ஒரு வரி போதும். ழகரமும் அவருக்குச் சொல்லித்தர வேண்டாம்.

அவர் தடுமாறும் இடம் வினைமுற்று. மலையாளத்தில் நான், நீ, அவன், அவள், அவர்கள் யாராக இருந்தாலும் 'வந்நு' ஒன்றுதான். தமிழில் அது எட்டாகப் பிரியும்: வந்தேன், வந்தோம், வந்த, வந்தீங்க, வந்தான், வந்தா, வந்தாங்க, வந்துச்சு. இந்த எட்டையும் முதல் வாரமே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். போ, சாப்பிடு, பாரு, சொல்லு, பண்ணு என்று ஐந்து வினைகளுக்கு அதே எட்டை அவரே நிரப்பட்டும். இதைத் தள்ளிப்போட்டால் "நான் நாளைக்கு வரும்" என்பது அவர் வாயில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும், பின்னால் எடுப்பது கஷ்டம்.

இரண்டாவது தடுமாற்றம் எழுத்து. மலையாளத்தில் பெரும்பாலான ஒலிகளுக்குத் தனி எழுத்து இருக்க, தமிழில் ஒரே 'ப' எப்படி இரண்டு ஒலி தருகிறது என்று கேட்பார். "பழகினால் வரும்" என்று சொல்லிவிடாதீர்கள், அதற்கு விதி இருக்கிறது. சொல்லின் முதலிலும் இரட்டித்து வரும்போதும் வல்லோசை: பல், அப்பா. மெல்லினத்துக்குப் பின்னால் மெல்லிய ஓசை: தம்பி, பந்து, பங்கு. இரண்டு உயிருக்கு நடுவிலும் மெல்லியதே: படம், பகல். பஸ், பாக்கி மாதிரி வெளியிலிருந்து வந்த சொற்கள் இதற்குக் கட்டுப்படாது, அவற்றை மட்டும் தனிப் பட்டியலாகக் கொடுத்தால் போதும்.

## 5. அறிமுகக் குறிப்பு எழுதுங்கள்

"ஹாய், மலையாளம் கற்க ஆசை, யாராவது உதவுங்கள்" என்று போட்டால் பதில் வராது. அதில் கேட்பது மட்டும்தான் இருக்கிறது, கொடுப்பது இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"தாய்மொழி தமிழ் (மதுரைப் பேச்சு). ஆங்கிலம் 3. மலையாளம்: கேட்டால் 2, பேசினால் 0, எழுத்து தெரியும். பேச்சுத் தமிழைத் தொடக்கத்திலிருந்து சொல்லித் தருவேன், பாடக் குறிப்புகள் தயார். செவ்வாய், சனி இரவு 8 முதல் 9. குரல் அழைப்பு போதும். திருச்சூர், எறணாகுளம் பக்கத்துப் பேச்சு கிடைத்தால் நல்லது. முதலில் நான்கு வாரம் பார்ப்போம்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நான்கு வாரம் என்று எல்லை சொன்னால் ஒத்துவராதபோது மனக்கசப்பு இல்லாமல் பிரியலாம். ஒத்துவந்தால் அது தானே நீளும்.

இதற்கென்றே ஹலோடாக், டேண்டம் போன்ற செயலிகள் இருக்கின்றன. டிஸ்கார்ட், டெலிகிராமிலும் குழுக்கள் உண்டு. எதில் போட்டாலும் குறிப்பு ஒன்றுதான்.

## 6. ஆளைத் தேர்ந்தெடுப்பது

பதில் போட்டவர்களில் மூன்று பேரோடு ஒரு வாரம் எழுத்தில் மட்டும் பேசுங்கள். இரண்டு பேர் தாமாகவே விலகிவிடுவார்கள். நிற்பவரோடு அழைப்புக்குப் போங்கள்.

அவர் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். மலையாளிகள் வளைகுடாவில் அதிகம். ஐக்கிய அரபு அமீரகம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதி, கத்தார், குவைத் இரண்டரை மணி நேரம் பின்னால். நமக்கு இரவு 9 என்றால் தோஹாவில் மாலை 6.30, அவர் அப்போதுதான் வேலை முடிந்து அறைக்கு வருவார். சவூதியில் வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிறு காலை என்று நீங்கள் குறித்தால் அவருக்கு அது வேலை நாள். நேரம் பேசும்போது "இந்திய நேரம்" என்று சேர்த்தே எழுதுங்கள்.

பாதுகாப்பு பற்றி. முதல் மாதம் போன் எண், வீட்டு முகவரி, வேலை செய்யும் இடம் எதுவும் கொடுக்க வேண்டாம், செயலியின் அழைப்பு வசதி போதும். வீடியோ கட்டாயமில்லை. மொழியைவிட உங்கள் படத்திலும் குடும்ப நிலையிலும் அக்கறை காட்டுபவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், தடை செய்துவிட்டு அடுத்தவரைப் பாருங்கள். பெண்கள் பலர் இந்த ஒரே காரணத்தால் பரிமாற்றத்தையே விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். பெண்களோடு மட்டும் பழக விரும்புகிறேன் என்று குறிப்பிலேயே எழுதலாம், அதில் தவறே இல்லை.

## 7. முதல் அழைப்பு

முதல் அழைப்பில் பாடம் வேண்டாம். நான்கு விஷயங்களை முடிவு செய்துவிட்டு அரை மணி நேரத்தில் வைத்துவிடுங்கள்: எந்த மொழி முதலில், திருத்தம் எப்படி, பதிவு செய்யலாமா, எப்படிக் கூப்பிடுவது.

கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அதில்தான் முதல் சங்கடம் வரும். நமக்கு 'நீங்க' போதும், யாரையும் மரியாதையாகப் பேசிவிடலாம். மலையாளத்தில் 'நிங்ஙள்' என்று பெரியவரிடம் சொன்னால் சில இடங்களில் முகத்தில் அடித்தாற்போல இருக்கும். அவர்கள் முன்னிலைச் சொல்லையே தவிர்த்து 'சேட்டன்', 'சேச்சி' என்று உறவு சொல்லியோ, 'சார்' என்றோ பேசுவார்கள். "சேட்டன் எப்போ வரும்?" என்பதுதான் "நீங்க எப்ப வருவீங்க?" இன்னொன்று, 'தான்' என்று அவர் உங்களைச் சொன்னால் அது நம் தமிழின் 'தான்' இல்லை. சம வயதுக்காரரை உரிமையோடு 'நீ' என்பது போல. நீங்கள் அதை மூத்தவரிடம் திருப்பிச் சொல்லிவிடாதீர்கள். உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள், அண்ணா, அக்கா, பெயர், எதுவானாலும்.

இந்த ஐந்து வாக்கியங்களை மனப்பாடம் செய்துவிட்டு அழைப்புக்குப் போங்கள்:

"ஒன்னுகூடி பறயாமோ?" (இன்னொரு தடவை சொல்ல முடியுமா?)
"பதுக்கெ பறயாமோ?" (மெதுவாகச் சொல்ல முடியுமா?)
"மனஸ்ஸிலாயில்ல." (புரியவில்லை.)
"இதினு மலயாளத்தில் எந்தா பறயுக?" (இதற்கு மலையாளத்தில் என்ன சொல்வது?)
"ஞான் பறஞ்ஞது சரியாணோ?" (நான் சொன்னது சரியா?)

சிக்கிக்கொள்ளும் நேரத்தில்தான் ஆங்கிலத்துக்குத் தாவுகிறோம். சிக்கலைச் சொல்லும் வாக்கியமே மலையாளத்தில் இருந்தால் தாவ வேண்டியிருக்காது. இதே ஐந்தையும் பேச்சுத் தமிழில் அவருக்கு எழுதிக் கொடுங்கள்.

## 8. ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது

கடிகாரம் வைத்து 30 நிமிடம், 30 நிமிடம். இரண்டு பேரின் திறமையும் சமமாக இருக்காது, அதனால் யார் பலவீனமோ அவர் கற்கும் மொழி முதலில். இயல்பாக ஓடும் மொழியில் பேச்சு சூடு பிடித்துவிட்டால் திணறும் மொழிக்குத் திரும்பவே மனம் வராது.

உங்கள் அரை மணியில் முதல் 5 நிமிடம் போன முறை வந்த திருத்தங்களை வைத்துப் புது வாக்கியம் சொல்லுங்கள். அடுத்த 20 நிமிடம் முன்பே குறித்த ஒரு தலைப்பில் பேச்சு. "எதைப் பற்றிப் பேசலாம்?" என்று அழைப்பில் வந்து யோசித்தால் பத்து நிமிடம் போய்விடும், அதுவும் ஆங்கிலத்தில் போகும். கடைசி 5 நிமிடம் அவர் நோட்டில் குறித்தவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தலைப்புகளைச் சிறிதாக வையுங்கள். 'கேரள அரசியல்' வேண்டாம். 'எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைக்கும் முறை', 'இன்று பஸ்ஸில் நடந்தது', 'என் தெருவில் உள்ள கடைகள்' போதும். மீன் குழம்பில் அரை, வதக்கு, கொதிக்க வை, போடு, கிளறு என்று பத்து வினைகள் தானாக வந்துவிடும்.

அவர் மலையாளத்தில் பேச, நீங்கள் தமிழில் பதில் சொல்ல, உரையாடல் அழகாக ஓடும். தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையில் இது நடக்கும், கேட்பவருக்கு இனிக்கும். என் முதல் முயற்சி மூன்று வாரம் இப்படியே ஓடி அப்படியே நின்றுபோனது. இரண்டு பேரும் சிரித்துப் பேசினோம், ஒரு வாக்கியமும் புதிதாகக் கற்கவில்லை. முதல் இரண்டு அழைப்புகளுக்கு அனுமதியுங்கள். அதன்பின் உங்கள் அரை மணியில் தமிழ் வாயில் வரவே கூடாது, தப்பும் தவறுமாக மலையாளம்தான்.

## 9. திருத்துவதும் திருத்தப்படுவதும்

ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தித் திருத்தினால் பேச்சு செத்துப்போகும். திருத்தாமலே விட்டால் பிழை காய்த்துவிடும். நடுவழி இதுதான்: பேசும்போது குறுக்கிடாமல் சாட்டில் சரியான வடிவத்தை மட்டும் தட்டச்சு செய்வது. பேசுபவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தொடரலாம். ஒரு அரை மணிக்கு அதிகபட்சம் ஐந்து திருத்தம். அதற்கு மேல் யாருக்கும் நினைவில் நிற்காது. பொருளையே மாற்றும் பிழை என்றால் மட்டும் உடனே நிறுத்துங்கள்.

தமிழைத் திருத்தும்போது ஒரு கவனம். "அப்படிச் சொல்ல மாட்டோம்" என்பதோடு நிறுத்தாமல், "இப்படிச் சொல்வோம்" என்று முழு வாக்கியத்தையும் இரண்டு முறை சொல்லுங்கள். விளக்கம் தெரியாவிட்டால் "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிடலாம். உங்கள் வாயிலிருந்து வரும் சரியான வாக்கியம் அவருக்குப் போதும், கற்பனையாக ஓர் இலக்கண விதியைச் சொல்லிவிட்டால்தான் ஆபத்து.

## 10. நெருக்கம் வைக்கும் கண்ணிகள்

இனி மலையாளத்துக்கே உரிய பகுதி. தமிழர்கள் திரும்பத் திரும்ப விழும் இடங்களை அவை எதிர்ப்படும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலாவது 'ஆணு'. தமிழில் "இது என் வீடு" என்றால் வாக்கியம் முடிந்தது. மலையாளத்தில் "இது என்றெ வீடாணு" என்று 'ஆணு' வர வேண்டும். நாம் அதை விட்டுவிடுவோம். அவர் தமிழ் பேசும்போது இல்லாத இடத்தில் ஒரு 'ஆகும்' போடுவார். அவர் செய்யும் பிழையைக் கவனித்தாலே அவர் மொழியின் விதி தெரிந்துவிடும்.

இரண்டாவது 'அல்ல', 'இல்ல'. பேச்சுத் தமிழில் 'அல்ல' போய்விட்டது, எல்லாவற்றுக்கும் 'இல்ல'தான். "நான் டாக்டர் இல்ல", "எனக்குக் காய்ச்சல் இல்ல." மலையாளத்தில் முதலாவது "ஞான் டாக்டர் அல்ல", இரண்டாவது "எனிக்கு பனி இல்ல." ஒன்று அதுவல்ல என்பது, மற்றது இருப்பு இல்லை என்பது. நம் எழுத்துத் தமிழில் இந்த வித்தியாசம் அப்படியே இருக்கிறது. வாக்கியத்தை எழுத்துத் தமிழில் ஒரு முறை நினைத்துவிட்டுச் சொன்னால் தப்பாது.

மூன்றாவது 'வரும்'. "ஞான் நாளெ வரும்" என்பதே சரி. நம் காதுக்கு அது மழை வரும், பஸ் வரும் என்பது போல ஒலிப்பதால், வாய் தானாக 'வருவேன்' என்று திருத்திவிடும். நூறு முறை சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டிய வாக்கியம் இது.

நான்காவது, ஒரே எழுத்தில் இரண்டு ஒலி. 'வந்தது' என்பதற்கான சொல்லிலும் 'ஒன்று' என்பதற்கான சொல்லிலும் மலையாளத்தில் ஒரே எழுத்தைத்தான் இரட்டித்து எழுதுவார்கள். ஆனால் முன்னதில் நாக்கு பல்லைத் தொடும், பின்னதில் பல்லுக்கு மேலே உள்ள மேட்டைத் தொடும். இங்கே தமிழ் தெரிந்தவருக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. தமிழில் 'ந்த' வரும் இடத்தில் அங்கே 'ந்ந': வந்து, தந்து போன்றவை வந்நு, தந்நு. தமிழில் 'ன்ற' வரும் இடத்தில் அங்கே 'ன்ன': ஒன்று, மூன்று, குன்று, பன்றி ஆகியவை ஒன்னு, மூன்னு, குன்னு, பன்னி. நோட்டில் தமிழ் எழுத்தில் இப்படிப் பிரித்து எழுதிவைத்தால் உச்சரிப்பு தானாகச் சரியாகும்.

'ற்ற' இன்னொரு ஒலி. 'காற்று' என்பதைத் தமிழ்நாட்டில் 'காத்து' என்கிறோம். மலையாளத்தில் நாக்கு அந்த மேட்டிலேயே ஊன்றி வரும் அழுத்தமான ஒலி. யாழ்ப்பாணப் பேச்சில் அது இன்றும் இருக்கிறது, அந்த ஊர்க்காரர்களுக்கு இது இயல்பாக வரும்.

ஐந்தாவது, ஒன்றுபோல் ஒலித்து வேறு பொருள் தரும் சொற்கள். வெள்ளம் என்றால் அங்கே தண்ணீர். அவசரம் என்றால் வாய்ப்பு. சம்சாரம் என்றால் பேச்சு. பட்டி என்றால் நாய். மதி என்றால் போதும். வார்த்தை நமக்குச் சொல், அவர்களுக்குச் செய்தி. அவர்கள் சொல்லுக்கு 'வாக்கு' என்பார்கள், அது நமக்கு ஓட்டும் உறுதிமொழியும். "ஊணு கழிச்சோ?" என்று கேட்டால் "சாப்பிட்டாச்சா?" என்று பொருள், முகம் சுளிக்காதீர்கள். அதே வினையை அவர் தமிழில் போட்டுப் பேசினால் அன்றே அன்போடு திருத்திவிடுங்கள், பொது இடத்தில் அவர் சங்கடப்பட வேண்டாம். 'பறயுக' அவர்களுக்குச் சாதாரணமாகச் சொல்வது. நம் 'சொல்' அங்கே பாட்டும் மந்திரமும் ஒப்பிக்கும் 'சொல்லுக' ஆக இருக்கிறது.

இந்தச் சொற்களை எங்கிருந்தோ எடுத்த பட்டியலாகப் படிக்காதீர்கள், நிற்காது. அழைப்பில் எது உங்களைத் தடுக்கி விட்டதோ அதை அந்த வாக்கியத்தோடு எழுதுங்கள்.

## 11. இரண்டு அழைப்புகளுக்கு நடுவே

ஒரு நிமிடக் குரல் செய்தி அனுப்புங்கள். அதே விஷயத்தை அவர் இயல்பான மலையாளத்தில் பேசித் திருப்பி அனுப்பட்டும். அதைக் கேட்டுக்கொண்டே, அரை நொடி பின்னால், அதே ஏற்ற இறக்கத்தோடு நீங்களும் பேசுங்கள். ஐந்து முறை. எனக்கு மலையாளத்தின் ராகம் வந்தது இந்தப் பயிற்சியில்தான். நீங்களும் அவர் தமிழுக்கு இதையே செய்யுங்கள்.

திருத்தங்களை அன்றே ஆங்கி (Anki, மனப்பாட அட்டைகளுக்கான செயலி) அட்டைகளாக மாற்றிவிடுங்கள். ஒரு பக்கம் தமிழ் வாக்கியம், மறுபக்கம் மலையாள வாக்கியம். தனிச் சொல்லாகப் போட வேண்டாம். சொல் நமக்குப் பாதி தெரிந்ததுதான், தெரியாதது அதன் முடிவு.

## 12. தொய்வு வரும்போது

ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் ஒருவர் இரண்டு முறை தொடர்ந்து வராமல் போவார். குற்றம் சாட்டாமல் நேராகக் கேளுங்கள்: "நேரத்தை மாற்றலாமா, வாரம் ஒன்றாகக் குறைக்கலாமா, இல்லை கொஞ்ச நாள் நிறுத்தலாமா?" மூன்றில் எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பதிலே இல்லையென்றால் ஒரு வாரம் காத்திருந்து, நன்றி சொல்லி ஒரு வரி எழுதிவிட்டு, உங்கள் குறிப்பைப் புதுப்பித்து மறுபடி போடுங்கள்.

மூன்று மாதம் முடிந்ததும், இரண்டாவது படியில் செய்த பதிவை எடுத்து, அதே தலைப்பில் புதிதாக இரண்டு நிமிடம் பேசி, வினைகளை எண்ணுங்கள். முப்பது தாண்டியிருந்தால் இரண்டாவது கூட்டாளியைத் தேடலாம், இந்த முறை வேறு ஊர்க்காரராக. முதல் கூட்டாளியின் பேச்சுக்கு மட்டும் காது பழகியிருக்கும், அதனால் கோழிக்கோட்டுக்காரர் பேசும் முதல் ஐந்து நிமிடம் புது மொழி போலவே இருக்கும். "பதுக்கெ பறயாமோ?" என்று கேளுங்கள்.

எண்ணிக்கை ஏறவில்லை என்றால் கூட்டாளியை மாற்ற வேண்டாம். எட்டாவது படிக்குப் போய், உங்கள் அரை மணியின் பதிவைக் கேட்டு, அதில் எத்தனை நிமிடம் நீங்கள் பேசினீர்கள், எத்தனை நிமிடம் "ஆமா, ஆமா" என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள்.